வயண்டொட் கோழி வளர்ப்பும் சேவல், பேடு அறியும் முறையும்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருவழியில் குண்டசாலையைக் கடந்து செல்வோர் திகன என்னும் ஊரை அடைவர். இவ்வூரைச் சூழ்ந்த பகுதிகளில் வயலும் மரக்கறித் தோட்டமும் பலா, மிளகு, கோப்பி நிறைந்த வீட்டுத் தோட்டமும் ஒன்றையொன்று அடுத்துக் காணப்படுகின்றன. இத்தகைய சிறு நிலத்தையுடைய கமக்காரருக்குக் கோழி வளர்ப்பு ஒரு தனித் தொழிலன்று. கமத்தின் ஓர் அங்கமாகும். வயலிலிருந்து தவிடும் குறுணலும் உமியும் கோழிக்குச் செல்கின்றன. கோழியிடமிருந்து முட்டையும் இறைச்சியும் வீட்டிற்கும், எரு தோட்டத்திற்கும் வந்து சேருகின்றன.

ஆயினும், கோழி வளர்க்கத் தொடங்கிய பலர் ஓராண்டிற்குள் அதனைக் கைவிடுகின்றனர். நோயினால் நேரும் இழப்பு இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், சேவல் எது, பேடு எது என்பதைக் காலத்தோடு அறியாமல் எல்லாக் குஞ்சுகளுக்கும் மாதக்கணக்கில் தீனி போடுவதாகும். இத்துண்டுப் பிரசுரம் வயண்டொட் என்னும் இனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, குஞ்சுகளின் பாலையும் நிறத்தையும் அறியும் முறைகளையும் வளர்ப்பு முறைகளையும் விளக்குகின்றது.

1. ஒரு சிறு கணக்கு

கமக்காரர் ஒருவர் பால் பிரிக்கப்படாத 12 குஞ்சுகளை வாங்குவதாகக் கொள்வோம். பாதி பேடாயிருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் நாணயத்தைப் பன்னிரண்டு முறை சுண்டினால் ஒவ்வொரு தடவையும் சரிபாதியாக விழுவதில்லை. அவ்வாறே, 12 குஞ்சுகளில் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை சேவல்களாக அமைவது ஏறக்குறைய ஐந்து தடவைக்கு ஒரு தடவை நேரக்கூடியது. இதனை விற்றவரின் வஞ்சகமென்றோ வாங்கியவரின் தீவினையென்றோ கருத வேண்டியதில்லை.

கனத்த இனக் குஞ்சொன்று 20 வார வயதை அடையும்வரை ஏறக்குறைய 8 கிலோ தீனி உண்ணும். எட்டுச் சேவல்களை அவ்வயதுவரை வைத்திருந்தால் 64 கிலோ தீனி செலவாகும். முதல் 6 வாரங்களிலோ ஒரு குஞ்சு உண்பது ஒன்றரைக் கிலோவிலும் குறைவே. எனவே ஆறாம் வாரமளவில் சேவல்களைப் பிரித்தறிந்து, வேண்டாதவற்றை இறைச்சிக்கெனத் தனியே வளர்த்து உரிய காலத்தில் விற்பவர், தீனிச் செலவிற் பெரும்பகுதியை மீதப்படுத்துகின்றார். நான்கு அல்லது ஐந்து பேடுகளை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இம்மீதமே இலாபமும் நட்டமுமாகும்.

2. இனத்தின் வரலாறும் இயல்பும்

வயண்டொட் கோழி அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. வட அமெரிக்கப் பழங்குடி மக்களுள் ஒரு பிரிவினரின் பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது. வெள்ளிக் கரை வயண்டொட் 1883 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் இனத்தர நூலிற் சேர்க்கப்பட்டது. பொன் கரை, வெள்ளை முதலிய வகைகள் பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

இவ்வினம் அகன்ற, உருண்ட உடலையும் மஞ்சள் நிறக் கால்களையும் உடையது. முதிர்ந்த சேவல் ஏறக்குறைய 3.9 கிலோவும், முதிர்ந்த பேடு ஏறக்குறைய 2.9 கிலோவும் நிறையுடையவை. முட்டை கபில நிறமானது. நன்கு பராமரிக்கப்படும் பேடு ஆண்டிற்கு ஏறக்குறைய 200 முட்டைகள் இடும். முட்டையோடு இறைச்சியும் தருவதால் இஃது இருபயன் இனம் எனப்படும். இலங்கையின் வணிக முட்டைப் பண்ணைகள் கலப்பினப் பேடுகளையே வளர்க்கின்றன. அவை இதைவிட மிகுதியாக முட்டையிடுவன. ஆதலால் வயண்டொட் இனத்தைப் பெரும் பண்ணைக்கெனத் தேர்ந்தெடுத்தல் பொருந்தாது. வீட்டுத் தோட்டத்தில் முட்டை, இறைச்சி, அடைகாத்தல் ஆகிய மூன்றையும் விரும்புவோருக்கே இது பொருந்தும்.

இவ்வினத்தின் கொண்டை தட்டையாகவும் சிறு முகிழ்கள் நிறைந்ததாகவும் தலையோடு ஒட்டியிருக்கும். இதனை ரோசாக் கொண்டை என்பர். குளிர் நாடுகளில் உயரமான கொண்டை பனியால் உறைந்து புண்படும். தாழ்ந்த ரோசாக் கொண்டை அவ்வாறு புண்படுவது அரிது. நமது நாட்டிலோ நிலைமை வேறு. கொண்டையும் தாடியும் உடலின் வெப்பத்தை வெளியேற்றும் உறுப்புகள். கொண்டை சிறுத்தும் இறகு அடர்ந்தும் இருப்பதால் வயண்டொட் கோழி கடும் வெயிலைத் தாங்கமாட்டாது. பங்குனி, சித்திரை மாதங்களில் நிழலும் குளிர்ந்த நீரும் இதற்கு இன்றியமையாதவை.

3. முட்டையைக் கொண்டு பால் அறியலாகுமா?

கூரிய முனையுடைய முட்டையிலிருந்து சேவலும் உருண்ட முட்டையிலிருந்து பேடும் பொரிக்கும் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை மிகப் பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் நீண்டு கூரிய முட்டை பேடாகும் என்றார். பின்வந்த உரோமர் அதற்கு நேர்மாறாகக் கூறினர். முட்டையின் வடிவம் அதனை இட்ட பேட்டின் உடலமைப்பைப் பொறுத்தது. ஒரே பேடு பெரும்பாலும் ஒரே வடிவ முட்டைகளையே இடும். ஆயினும் அவற்றிலிருந்து சேவல், பேடு இரண்டுமே பொரிக்கின்றன. முட்டையின் மேல் மோதிரத்தை நூலிற் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பதும் பயனற்றதே.

மனிதரில் பிள்ளையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு. கோழியில் தீர்மானிப்பது தாயின் முட்டை. முட்டையின் கரு உருவாகும்போதே இது முடிந்துவிடுகின்றது. அடைகாக்கும் நாளாலோ முட்டையை வைக்கும் திசையாலோ மாற்றம் எதுவும் ஏற்படாது.

4. பொரித்த நாளில் பால் அறிதல்

தூய வயண்டொட் குஞ்சுகளைப் பொரித்த நாளில் நிறத்தைக் கொண்டு சேவல், பேடு என உறுதியாகப் பிரிக்க இயலாது. வெள்ளிக் கரைக் குஞ்சுகள் சாம்பல் நிறம் முதல் ஏறக்குறையக் கருமை வரை பலவாறு காணப்படும். இவ்வேறுபாடு பாலைக் குறிப்பதன்று. கருங்குஞ்சைச் சேவலென்றும் வெளிர்குஞ்சைப் பேடென்றும் கூறி விற்பனை செய்யப்படுமாயின் அதனை நம்புதல் கூடாது.

கழிவாயைச் சோதித்துப் பால் அறியும் முறையை 1920 ஆம் ஆண்டுகளில் யப்பானிய அறிஞர்களான மசூயி, ஹஷிமோட்டோ ஆகியோர் விளக்கினர். இம்முறையிற் கைதேர்ந்தவர் மிக விரைவாகப் பிரிப்பர். ஆனால் இதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பயிற்சியற்றவர் செய்தால் குஞ்சு உட்காயமடைந்து இறக்கும். ஆதலால் வீட்டில் இதனைச் செய்து பார்த்தல் கூடாது.

5. பொன் சேவலும் வெள்ளிப் பேடும்

பொரித்த நாளிலேயே நிறத்தைக் கொண்டு பால் அறிய ஒரு வழி உண்டு. அதற்குத் தூய இனத்தை விட்டு, குறிப்பிட்ட இரு இனங்களைக் கலத்தல் வேண்டும்.

கோழியின் இறகில் பொன் நிறத்தையோ வெள்ளி நிறத்தையோ தரும் பரம்பரையலகு ஒன்று, பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. சேவலிடம் இவ்வலகு இரண்டு உண்டு. பேட்டிடம் ஒன்றே உண்டு. வெள்ளி அலகு ஆட்சியுடையது. அதாவது வெள்ளியும் பொன்னும் ஒரே உடலிற் சேர்ந்தால் வெள்ளியே வெளித்தோன்றும்.

பொன் நிறத்தையுடைய றோட் ஐலண்ட் றெட் சேவலை வெள்ளிக் கரை வயண்டொட் பேட்டுடன் சேர்ப்பதாகக் கொள்க. பேடு தன்னிடமுள்ள ஒரே வெள்ளி அலகை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும். பெண் குஞ்சுகள் தந்தையின் பொன் அலகை மட்டுமே பெறும். எனவே ஆண் குஞ்சுகள் வெளிறிய மஞ்சள் அல்லது சாம்பல் வெண்மையாகவும், பெண் குஞ்சுகள் செம்பொன் அல்லது கபில நிறமாகவும் பொரிக்கும். சுருங்கக் கூறின், பெண் குஞ்சு தந்தையின் நிறத்தையும் ஆண் குஞ்சு தாயின் நிறத்தையும் கொண்டிருக்கும்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் தீனி அரிதாயிருந்தபோது, வேண்டாத சேவற்குஞ்சுகளைத் தொடக்கத்திலேயே பிரிப்பதற்கு இவ்வகைக் கலப்பைப் பயன்படுத்தலாம் எனக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் புன்னெற் எடுத்துரைத்தார். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் கபில முட்டைக் கலப்பினங்கள் பலவற்றில் இதே முறை பயன்படுகின்றது.

இம்முறையைக் கையாள்வோர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளல் வேண்டும்:

(அ) சேவல் பொன்னாகவும் பேடு வெள்ளியாகவும் இருத்தல் வேண்டும். மாற்றிச் சேர்த்தால், அதாவது தூய வெள்ளிச் சேவலைப் பொன் பேட்டுடன் சேர்த்தால், எல்லாக் குஞ்சுகளும் வெளிறியே பொரிக்கும். பால் புலப்படாது.

(ஆ) வெள்ளை லெக்கோன் பேட்டை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் வெண்மை பிற நிறங்களையெல்லாம் மறைக்கும் இயல்புடையது. வெள்ளை வயண்டொட் பேட்டின் வெண்மைக்குள் வெள்ளி அலகு உண்டா என்பதைப் பார்வையால் அறிய இயலாது. ஆகவே வெள்ளிக் கரைப் பேடே நம்பத்தக்கது.

(இ) இப்பயன் முதற் தலைமுறைக்கு மட்டுமே உரியது. கலப்புச் சேவலையும் கலப்புப் பேட்டையும் மீண்டும் சேர்த்தால் பிறக்கும் ஆண்களிற் பாதியும் பெண்களிற் பாதியும் வெளிறியிருக்கும். மற்றப் பாதிகள் செம்பொன்னாயிருக்கும். அப்போது நிறம் பாலைக் காட்டாது. இதனை அறியாத பலர், முதலாண்டு சரியாயிருந்த முறை இரண்டாம் ஆண்டு பிழைத்துவிட்டதென மனம் சோர்கின்றனர். ஒவ்வோராண்டும் தூய பெற்றோரிடமிருந்தே குஞ்சு பெறுதல் வேண்டும்.

6. வளரும் குஞ்சுகளிற் காணும் அடையாளங்கள்

தூய வயண்டொட் வளர்ப்போர் ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யாது, கீழ்வருவனவற்றை ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

மூன்று முதல் ஐந்து வாரம்: பேட்டுக் குஞ்சுக்கு வாலிறகும் முதுகிறகும் முந்தி முளைத்துச் சீராக மூடும். சேவற்குஞ்சின் தோளும் முதுகும் சில காலம் வெறுமையாயிருக்கும், வாலும் குட்டையாயிருக்கும்.

ஐந்து முதல் எட்டு வாரம்: சேவற்குஞ்சின் கொண்டை அகன்று சிவக்கும், தாடி தெளிவாகத் தோன்றும். பேட்டின் கொண்டை ஒடுங்கி மஞ்சளாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ இருக்கும். ரோசாக் கொண்டை தாழ்ந்திருப்பதால் பக்கத்திலிருந்து நோக்கின் வேறுபாடு தெளிவாகாது. குஞ்சைக் கையிலெடுத்து மேலிருந்து நோக்கி அகலத்தை ஒப்பிடுதல் வேண்டும். சேவலின் கால் தடித்து நிற்கும்.

பத்து முதல் பதினான்கு வாரம்: இதுவே ஐயத்திற்கு இடமற்ற காலம். வாலின் அடிப்புறத்திற்கு முன்னுள்ள முதுகிறகுகளைக் காண்க. சேவலுக்கு இவ்விறகுகள் நீண்டு, ஒடுங்கி, முனை கூராகிப் பளபளக்கும். பேட்டுக்கு இவை அகன்று, முனை உருண்டிருக்கும். கழுத்திறகுகளிலும் இதே வேறுபாடு காணப்படும்.

குரலும் நடத்தையும் துணை அடையாளங்களே. துணிவுள்ள பேடும் உண்டு. அடங்கிய சேவலும் உண்டு. ஒரே நாளிற் பொரித்த ஒரே இனக் குஞ்சுகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுதல் வேண்டும். ஐந்தாம் வாரத்தில் சேவலென ஐயப்படும் குஞ்சின் காலில் ஒரு நிற வளையத்தை இட்டு, எட்டாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் மீண்டும் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதிவருவது கண்ணைப் பழக்கும்.

7. நிறத்தின் தரம் அறிதல்

வெள்ளிக் கரை வயண்டொட் பேட்டின் ஒவ்வோர் இறகும் வெண்மையான நடுப்பகுதியையும், சேலைக்குக் கரைபோல் சுற்றிலும் ஒரே சீரான ஒடுங்கிய கருங்கரையையும் கொண்டிருத்தல் வேண்டும். பொன் கரை வகையில் நடுப்பகுதி பொன்கபிலமாயிருக்கும். நடுப்பகுதியிற் கரும்புள்ளிகள் சிதறியிருத்தல், கரைக்கு வெளியே மீண்டும் வெண்ணோரம் காணப்படுதல், கரை இரட்டித்திருத்தல் ஆகியன குறைகளாம். சேவலில் மார்பிறகுகளைக் கொண்டே கரையின் தரத்தை அறிதல் வேண்டும். அதன் வால் கருமையாயிருக்கும்.

குஞ்சு இறகும் முதலிற் தோன்றும் இளமை இறகும் இறுதி நிறத்தைக் காட்டமாட்டா. கரை தெளிவற்ற எட்டு வாரக் குஞ்சு, முதிர்ந்த இறகு தோன்றியபின் அழகிய கரையைப் பெறுவதுண்டு. ஆகவே நிறத்தின்பொருட்டு இளங்குஞ்சுகளைக் கழித்தல் கூடாது.

இடையிடையே ஒற்றைக் கொண்டையுடைய குஞ்சு தோன்றுவதும் உண்டு. இதற்குக் காரணம் வருமாறு: ரோசாக் கொண்டை ஆட்சியுடையது, ஒற்றைக் கொண்டையின் அலகை மறைத்து வைத்திருக்கும் பெற்றோர் இருவர் சேர்ந்தால் நான்கில் ஒரு குஞ்சு ஒற்றைக் கொண்டையுடன் பொரிக்கலாம். பேற்சன் என்னும் பிரித்தானிய அறிஞர் மெண்டலின் மரபு விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை 1902 ஆம் ஆண்டில் கோழிகளின் கொண்டை முதலியவற்றைக் கொண்டே எடுத்துக்காட்டினார்.

இங்கு மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. இரு ரோசா அலகுகளையும் உடைய சேவல்களின் கருவளம் குறைந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. கொண்டையை மாற்றிய அதே மாற்றம் விந்தணுவின் இயக்கத்திற்கு வேண்டிய மற்றொரு பரம்பரையலகையும் சிதைத்துள்ளமையே காரணமென 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. எனவே வயண்டொட் முட்டைகளிற் கருக்கட்டாதவை மிகுதியாயிருந்தால், பேட்டையோ தீனியையோ குறைகூறுமுன் சேவலை மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஒற்றைக் கொண்டைப் பேடு கண்காட்சிக்கு உதவாது. முட்டையிடுவதில் அதற்குக் குறைவில்லை. அதனை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

8. அடைவைத்தலும் குஞ்சு வளர்த்தலும்

அடைவைக்கும் முட்டை ஏழு நாட்களுக்கு மேற்படாததாயிருத்தல் நன்று. நாட்டுப் பேட்டின் கீழ் இவ்வினத்தின் பெரிய முட்டைகளில் 8 முதல் 10 வரை வைக்கலாம். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் நோக்கிக் கருக்கட்டாதவற்றை அகற்றுக. இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும்.

திகனப் பகுதியில் மார்கழி, தை இரவுகள் குளிரும் மழையும் உடையவை. பெரும்போக அறுவடை நடைபெறும் மாசி, பங்குனியில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு உலர்ந்த காலமும் புதிய குறுணலும் தவிடும் கிடைக்கும். தாயின்றி வளரும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 3 பாகை அளவு குறைத்து வருதல் வேண்டும். குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருங்கி ஒடுங்கினால் வெப்பம் குறைவு. விலகி வாய்திறந்து மூச்செறிந்தால் வெப்பம் மிகுதி. பரந்து திரிந்து உண்டால் போதுமானது. குஞ்சுகளின் நடத்தையே சிறந்த வெப்பமானியாகும்.

முதல் 8 வாரங்களுக்குக் குஞ்சுத் தீனியே கொடுத்தல் வேண்டும். தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மட்டும் கொடுத்தால் புரதம் போதாது. இறகு தாமதமாக முளைக்கும். பால் அறிவதிலும் பிழை நேரும். முதிர்ந்த கோழி ஒன்றுக்குக் கூட்டினுள் ஏறக்குறைய 3 சதுர அடி இடம் வேண்டும். தரையில் உலர்ந்த உமியைப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுக. ஈரமான உமி இரத்தக் கழிச்சல் நோய்க்கு இடமளிக்கும். கீரி, மரநாய் ஆகியவை நுழையாதவாறு கம்பிவலையைத் தரைக்குள்ளும் சிறிது புதைத்து அடித்தல் வேண்டும்.

9. சுண்ணாம்புச் சத்து

முட்டையிடும் பேட்டுக்குக் கிளிஞ்சல் ஓட்டுத் தூளோ கோழித் தீனிக்குரிய சுண்ணக்கல் தூளோ தனிப் பாத்திரத்தில் வைக்கப்படல் வேண்டும். திகனப் பகுதியில் டொலமைற்றுக் கல் அகழப்படுவதால் அதன் தூள் இங்கு எளிதிற் கிடைக்கும். அது புளிப்பு மண்ணைத் திருத்தத் தோட்டத்திற்கு நன்று; கோழிக்கு நன்றன்று. அதிலுள்ள மக்னீசியம் மிகுந்து கழிச்சலையும் மெல்லோட்டு முட்டையையும் உண்டாக்கும். தோட்டத்துச் சாக்கையும் கோழித் தீனிச் சாக்கையும் வேறு வேறிடங்களில் வைத்தல் தவறைத் தவிர்க்கும்.

10. நோய்த் தடுப்பு

இராணிக்கெட் நோய் கண்டபின் குணப்படுத்த மருந்தில்லை. மூச்சுத் திணறல், பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் ஆகியன அதன் குறிகள். ஒரே வாரத்தில் கூடு முழுவதும் வெறுமையாகலாம். உரிய வயதில் தடுப்பு மருந்தும் பின்னர் மறு மருந்தும் கொடுத்தலே வழி. கோழி அம்மைக்கும் தடுப்பு மருந்து உண்டு. கால அட்டவணையை அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும். புதிதாக வாங்கிய கோழியை இரு வாரங்களுக்குத் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

11. சேவல்களும் எருவும்

முட்டைக்காக மட்டும் வளர்ப்போருக்குச் சேவல் தேவையில்லை. சேவலின்றியும் பேடு முட்டையிடும். குஞ்சு பொரிக்க விரும்புவோர் 8 முதல் 10 பேடுகளுக்கு ஒரு சேவலை வைத்தல் போதும். அச்சேவல் அப்பேடுகளின் உடன்பிறந்ததாயிருத்தல் கூடாது. எஞ்சிய சேவல்களைப் பன்னிரண்டாம் வாரமளவில் தனிக்கூட்டில் அடைத்துக் கொழுக்கவைத்து விற்கலாம். சேவலாய்ப் பிறந்ததென்று குஞ்சை எறிந்துவிடாமல் அதனையும் வீட்டின் வருவாயாக்குவதே இருபயன் இனத்தின் நன்மை.

ஒரு பேடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் ஈர எச்சமிடும். பத்துப் பேடுகளிடமிருந்து ஆண்டிற்கு 350 கிலோவுக்கு மேற் கிடைக்கும். புதிய எச்சத்தைப் போஞ்சி, தக்காளி, கத்தரிச் செடிகளின் அடியில் இட்டால் வேர் கருகும். உமியுடன் குவித்து, இடையிடையே புரட்டி, இரண்டு மாதமளவு மக்கவிட்ட பின்னரே இடுதல் வேண்டும். நாற்றுப் பாத்திகளுக்கு வேலியிட்டபின் கோழியை வெளியே விடுக.

வயலில் நெற்பயிரிடையே களையைப் பிரித்தறியப் பழகிய கமக்காரரின் கண்ணுக்குக் குஞ்சுகளிடையே சேவலைப் பிரித்தறிதல் அரிய காரியமன்று. பொறுமையாக நோக்கி, ஒழுங்காகக் குறித்து, காலத்தோடு பிரித்து வளர்ப்போரின் கூட்டில் தீனி வீணாவதில்லை. அவர்தம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு முட்டையும் குறைவதில்லை.